அப்பாவ ஹோம்ல சேக்கலாமான்னு கேட்ட அண்ணாவுக்கு

அண்ணா,

போன்ல பேசினா ரெண்டு நிமிஷத்துல சண்டையாயிடுது, அதான் எழுதுறேன். நீ அனுப்பின முதியோர் ஹோம் வீடியோ எல்லாம் பாத்தேன், பெரியவங்களுக்கான ஹெல்ப்லைன் எல்டர்லைன் 14567க்கும் போன் போட்டு விசாரிச்சேன், ரெண்டு எடத்துக்கு நேர்லயும் போயிட்டு வந்தேன். சுத்தமா தான் இருக்கு. ஆனா ராத்திரி டூட்டில எத்தன பேர்னு கேட்டா ஒரு எடத்துல பதிலே வரல, டயப்பர், பிசியோ, ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறது எல்லாம் தனி காசு. ரயில்வே மெடிக்கல் கார்டு வைத்தியத்துக்கு தான், இதுக்கு ஆகாது.

காசு கூட பெரிய விஷயமில்லண்ணா. அப்பா இன்னும் காலைல அஞ்சரைக்கு எழுந்து ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு சட்டைய மாட்டுறாரு. ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரில 34 வருஷம் ஓடின மனுஷன், இந்த மறதில ரிட்டயர் ஆனதே ஞாபகத்துல இல்ல. "வேலையெல்லாம் முடிஞ்சிடுச்சுப்பா"ன்னு நான் சொல்லி சொல்லி அவர அழ வச்சது தான் மிச்சம். இப்ப ஒம்போது மணிக்கு டே கேர் வேன் வந்தா டிபன் பாக்ஸ தூக்கிட்டு அவரே ஏறிடுறாரு, அங்க நட்டு போல்ட்ட சைஸ் வாரியா பிரிக்க குடுக்குறாங்க, கேரம் ஆடுறாரு, சாப்ட்டு தூங்கி நாலரைக்கு வீடு. அவருக்கு அது டூட்டி. டூட்டி முடிஞ்சா வீட்டுக்கு வரணும்ல? ஹோம்ல விட்டா சாயந்தரமான உடனே கேட்டு கிட்ட போய் நிப்பாரு, யாரு வந்து கூட்டிட்டு போவாங்க?

ஆடி மாசம் என்னையே யாருன்னு கேட்டாரே, நான் கூட அன்னைக்கு உன்கிட்ட அழுது சரி சேத்துடலாம்னு சொன்னேன். யூரின் இன்ஃபெக்ஷன்ணா அது. வயசானவங்களுக்கு அது வந்தா திடீர்னு இப்படி குழம்புமாம், ஆன்டிபயாடிக் குடுத்து ஒரு வாரத்துல பழையபடி ஆயிட்டாரு. அந்த வாரமே கையெழுத்து போட்டிருந்தா? நெனச்சாலே வயித்த பெசையுது.

நான் பிடிவாதம் பிடிக்கல. ராத்திரில கதவ தொறந்து ரோட்டுக்கு போக ஆரம்பிச்சாலோ, எழுப்பி உக்கார வைக்கவே ரெண்டு ஆள் வேணும்னு ஆனாலோ நானே ஹோம் பாப்பேன், என் முதுகும் தாங்காது. அது வரைக்கும் ராத்திரிக்கு ஒரு அட்டெண்டர் போடணும், அந்த சம்பளம் நீ குடு.

இன்னொன்னும் வேணும். பொழுது சாயுற நேரம் தான் அவர சமாளிக்க முடியல, ஆறு மணியானா பதட்டம், வாசலுக்கும் ரூமுக்கும் நட. சன்டவுனிங்னு டாக்டர் சொன்னாரு. அப்ப உனக்கு டல்லாஸ்ல காலைல ஏழரை. வீடியோ கால்ல வா, அரை மணி நேரம். ரயில் பெட்டியோட வெறும் கூடு, அந்த ஷெல்லு வந்தப்புறம் உள்ள சீட்டு, ஃபேன் எல்லாம் எந்த வரிசைல மாட்டுவீங்கன்னு கேளு. அத மட்டும் இன்னும் ஒண்ணு விடாம சொல்றாரு.

பாப்பா