மீனாவுக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள மீனா,

பெர்த்திலும் இங்கே சிங்கப்பூரிலும் கடிகாரத்தில் ஒரே மணிதான். ஆனாலும் நான் கூப்பிடும்போதெல்லாம் நீ வேலையில் இருக்கிறாய், இல்லையென்றால் தூங்கிவிட்டாய். மூன்று வாரமாயிற்று. சரி, வேலை இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

நான் வகுப்புக்குப் போகிறேன். சிரிக்காதே. சமூக மன்றத்தில், சனிக்கிழமைதோறும் இரண்டரை மணி நேரம், ஆறு வாரம். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, மூட்டுவலி என்று நாள்பட்ட நோய் எது இருந்தாலும் வரலாம். நடத்துகிற அம்மா டாக்டர் இல்லை. இருபது வருடமாக அவருக்கே சர்க்கரை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவான பாடமுறையாம் இது. நோயோடு வாழ்கிறவர்களையே நடத்த வைக்கிறார்கள். உனக்குப் பதவி உயர்வு வந்ததை அங்கே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அதையும் மாப்பிள்ளை சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் என்ன செய்வோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் நடப்பேன் என்றேன். "எவ்வளவு நம்பிக்கை, பத்துக்கு?" என்றார். ஐந்து என்றேன். குறைந்தது ஏழு வரட்டும், அதுவரை நடையைக் குறையுங்கள் என்றார். காய்கறிக் கடை மாதிரி பேரம் பேசி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கால்மணி நேரம், புளோக்கைச் சுற்றி, வாரத்தில் நான்கு நாள் என்று முடிந்தது. நான்கு நாளும் நடந்தேன்! காப்பிக்கடையில் இப்போது பாலும் சர்க்கரையும் போடாத தே ஓ கோசோங்தான். எச்பிஏ1சி என்கிற இரத்தப் பரிசோதனை மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டிக்கொடுத்துவிடும். டெஸ்டுக்கு முதல் நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

போன முறை நீ வந்துபோன பிறகு குளியலறைக் குப்பையைக் கட்டினேன். சர்க்கரை பார்க்கிற என்னுடைய ஸ்டிரிப் வெள்ளை. அதில் இரண்டு பச்சை கிடந்தது. சரி, அதை விடு.

2016இல் நீரிழிவுக்கு எதிரான போர் என்று அரசாங்கம் அறிவித்ததே, அந்த வருடம் மருந்தகத்தில் ஒரு தாதி உன் அம்மாவை இதுமாதிரி வகுப்புக்குக் கூப்பிட்டார். "அவளுக்கு எதற்கு வகுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நான்தான் பதில் சொன்னேன். அம்மா வாயே திறக்கவில்லை. உனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். சர்க்கரைக் குடும்பம் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். இதை உன்னிடம் நான் சொன்னதில்லை.

மூன்றாம் வாரம், பாதத்தைத் தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். நரம்பு மரத்துப்போனால் புண் வலிக்காதாம். அம்மா கடைசிவரை "வலிக்கலை, வலிக்கலை" என்றுதானே சொன்னாள்? வலிக்காததை நல்லதென்று நினைத்தேன் நான். எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். வகுப்பு நடத்துகிற அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

உனக்கு இப்போது யாரும் வரன் பார்க்கவில்லை. மறைக்க ஒன்றுமில்லை என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஞாயிறு இரவு எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன். எடுத்தால் போதும். நீ எதுவும் சொல்ல வேண்டாம், நான் நடந்த கதையைச் சொல்கிறேன்.

பார்சலில் முறுக்குத் தேடாதே. கைப்பிடி வைத்த கண்ணாடி ஒன்று அனுப்பியிருக்கிறேன், முஸ்தபாவில் வாங்கியது. உடையாமல் வந்ததா என்று மட்டும் சொல்.

அப்பா