செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: சங்கத்தின் பழைய கேமராவும் படங்களின் கூர்மையும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் அன்பார்ந்த உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு இரவலாகக் கொடுத்துவரும் நம் நிக்கான் டி90 கேமராவில் படங்கள் மழுங்கலாக விழுகின்றன என்றும், அதை விற்றுவிட்டு உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகை மிரர்லெஸ் கேமரா ஒன்று வாங்க வேண்டும் என்றும் சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டது. அதை ஆராய்ந்து கருத்துக் கூறும் பொறுப்பு செயற்குழுவிடம் விடப்பட்டது. ஆண்டின் பெரும்பகுதி அதிலேயே கழிந்ததால் பிறவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன, வேடந்தாங்கலுக்குச் சென்றுவந்தோம், வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

டி90 2008-இல் வெளிவந்தது, 12.3 மெகாபிக்சல் சென்சார் கொண்டது. அதன் முழுப் படம் 4288க்கு 2848 பிக்சல். நம் கண்காட்சிக்கு வழக்கமாகப் போடும் 12க்கு 18 அங்குல அச்சில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 238 பிக்சல் கிடைக்கிறது. கைநீட்டும் தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு இது தாராளம். ஆகவே சென்சாரின் வயதைக் காரணம் காட்டும் வாதத்தைச் செயற்குழு ஏற்கவில்லை.

மழுங்கல் என்று உறுப்பினர்கள் ஒப்படைத்த படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் சட்டகத்தில் இருந்த எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தன. இது கை அசைவின் அடையாளம். டி90-இன் சென்சார் சிறியது என்பதால் லென்ஸின் குவியத் தூரத்தை ஒன்றரையால் பெருக்கி, வரும் எண்ணில் ஒரு பங்கு நொடியை ஷட்டர் வேகமாகக் கொள்ள வேண்டும்; ஜூம் லென்ஸின் 105 மி.மீ. முனையில் கையில் பிடித்து எடுக்க 1/160 நொடியாவது தேவைப்படும் இடத்தில் தேர்த் திருவிழாப் படங்கள் 1/60-இல் எடுக்கப்பட்டிருந்தன. லென்ஸில் உள்ள அதிர்வுக் குறைப்பு நம் கை நடுக்கத்தைத் தணிக்குமே தவிர, வடம் பிடித்து ஓடுபவரை நிறுத்தி வைக்காது. ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 800 வரை உயர்த்தத் தயங்கியதே இத்தனைக்கும் மூலம். ஐஎஸ்ஓவை உயர்த்துவதால் புள்ளி தெரியும் படத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், கலங்கிய படத்தை யாராலும் மீட்க முடியாது.

அடுத்தது ஃபோகஸ். இக்கேமராவின் 11 ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டுமே குறுக்கு நெடுக்கு இரு வகைக் கோடுகளையும் உணரவல்லது. புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கேமராவிடமே விட்டால் அது பெரும்பாலும் அருகிலுள்ள பொருளைப் பிடித்துக்கொள்கிறது. முகத்துக்குப் பதில் மாலை கூர்மையாக இருந்த படங்கள் இவ்வாறு வந்தவையே. நடுப்புள்ளியை நாமே தேர்ந்தெடுத்து முகத்தின் மீது வைக்கும் பழக்கத்தைப் பயிற்சி வகுப்பில் சேர்த்துள்ளோம்.

ஒரு குறை மட்டும் உண்மையிலேயே கருவியில் இருந்தது. கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஒரு தீப்பெட்டியையும் அதன் பக்கத்தில் சாய்த்து வைத்த அளவுகோலையும் 50 மி.மீ. லென்ஸால் துளையை அகலத் திறந்து எஃப்/1.8-இல் படம்பிடித்தோம். வ்யூஃபைண்டர் வழியாகத் தீப்பெட்டியின் எழுத்தின்மேல் ஃபோகஸ் செய்தபோது அதற்குப் பின்னாலிருந்த கோடுகள்தாம் தெளிவாக விழுந்தன. சென்சார் காண்பதைப் பின்திரையில் காட்டும் லைவ் வ்யூவில் பெரிதாக்கி, வளையத்தைக் கையால் திருப்பி எடுத்தபோது எழுத்தே கூர்மையாக வந்தது. ஆகவே லென்ஸில் பழுதில்லை. வ்யூஃபைண்டரில் பார்க்கும்போது ஃபோகஸைக் கணிப்பது கேமராவுக்குள் உள்ள கண்ணாடியின் அடியில் தனியே இருக்கும் உணரி. அதன் கணிப்புக்கும் சென்சாருக்கும் சிறு பிசகு நேர்ந்திருந்தது. இதை மெனுவில் சரிசெய்யும் வசதி நிக்கானின் டி300 கேமராவில் உண்டு, டி90-இல் இல்லை. எனவே பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சீர்செய்தோம். இப்போதும் அந்த லென்ஸை எஃப்/2.8 அல்லது எஃப்/4-இல் பயன்படுத்துவதே நல்லது. அதற்காக எஃப்/22 வரை மூடிவிட வேண்டாம். அங்கு மிகச் சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் மீண்டும் மென்மையாகிவிடும்.

வ்யூஃபைண்டர் ஓரத்திலுள்ள சிறு சக்கரத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. அது பார்ப்பவரின் கண்ணுக்கானது; அதைத் திருப்பினால் படம் கூர்மையாகாது. ஆனால் ஒருவர் திருப்பி வைத்துவிட்டுப் போனால், அடுத்து இரவல் வாங்குபவர் கேமரா கெட்டுவிட்டது என்று புகார் எழுதுகிறார். அத்தகைய புகார்களும் நம் பதிவேட்டில் உள்ளன.

பறந்துசெல்லும் பறவையையும் மங்கிய மாலை ஒளியையும் படமெடுப்போரின் கோரிக்கை நியாயமானது என்பதைச் செயற்குழு மறுக்கவில்லை. 11 புள்ளிகளைக் கொண்டு கொக்கைத் துரத்துவது கடினம். ஐஎஸ்ஓ 1600-க்கு மேல் இக்கேமராவிடம் அதிகம் எதிர்பார்க்கவும் முடியாது. இருப்பினும் இரவல் வாங்குவோரில் பெரும்பாலோர் எடுப்பவை கோயிலும் தெருவும் முகங்களுமே.

எனவே மிரர்லெஸ் கேமரா வாங்கும் தீர்மானத்தை ஓராண்டுக்கு ஒத்திவைக்குமாறும், அசையாத முக்காலி ஒன்றும், லென்ஸில் பூஞ்சை படராமல் காக்க ஈரப்பதம் கட்டுப்படுத்தும் பெட்டி ஒன்றும் வாங்க ஒப்புதல் வழங்குமாறும், இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறும் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்