61-ஆம் நாள் மனு

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள பழனிச்சாமி,

ஆடி நோம்பிக்கு வருகிறேன் என்றேன், பொங்கலும் போய்விட்டது. நன்றாகத் திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் நலம், மஞ்சள் களத்தில் காய்கிறது.

உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று நடந்திருக்கிறது. சட்ட உதவி வழியாக எனக்கு ஒரு திருட்டு வழக்கு வந்தது. தறி ஓட்டும் பையன், கோவை மத்தியச் சிறையில் இருந்தான். நான் ஆஜராகிக்கொண்டிருக்கும்போதே, தானே ஒரு மனு எழுதிச் சிறை அதிகாரி மூலம் அனுப்பிவிட்டான். "வக்கீல் இருக்கும்போது நீ ஏன் எழுதுகிறாய்?" என்று நடுவர் கேட்டார். எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். விடுதியில் சாம்பார் வாளி பறந்த நாளை நினைத்துக்கொள்.

படித்ததும் கோபம் போய்விட்டது. 'ரிமாண்டாகி 60 நாள் முடிந்தது, குற்றப்பத்திரிகை வரவில்லை, ஜாமீன் வேண்டும்' என்று 61-ஆம் நாள் எழுதியிருக்கிறான். கெடு தாண்டினால் ஜாமீன் அவன் உரிமை. ஆனால் குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பே கேட்டாக வேண்டும். மனு 62-ஆம் நாள் வந்து சேர்ந்தது, போலீஸ் 63-ஆம் நாள் தாக்கல் செய்தது. தறியில் மீட்டர் கணக்கு எழுதிப் பழகியவன் நாளை எண்ணியிருக்கிறான். நான் எண்ணவில்லை, பழனி. மூன்று வாரமாகச் சிறைப்பக்கமே போகவில்லை.

வாய்மொழியாகக் கேட்டாலே போதும் என்று 2017-இல் ராகேஷ் குமார் பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டி வாதாடினேன். ஜாமீன் கிடைத்தது.

ஆனால் மனுவின் கடைசி வரி தூங்கவிடவில்லை. 'அன்று ராத்திரி அந்த வீட்டுப் பக்கம் போனது உண்மை, திருடவில்லை.' அவன் அண்ணன் சொன்னதை நம்பி, அன்று இரவு ஷிஃப்டில் இருந்தான் என்றல்லவா நான் வாதத்தைத் தயார் செய்தேன்! அவனிடம் ஒரு முறைகூட நேராகக் கேட்கவில்லை.

தானே வாதாடும் உரிமையை 1975-இல் ஃபரெட்டா வழக்கில் தந்த அமெரிக்க உச்ச நீதிமன்றமே, வக்கீலும் வேண்டும், நானும் நடத்துவேன் என்று இரண்டையும் உரிமையாகக் கேட்க முடியாது என்று 1984-இல் மெக்காஸ்கில் வழக்கில் சொன்னது. அங்கே இப்படிப்பட்ட மனுக்களைப் பல நீதிமன்றங்கள் பரிசீலிக்காமலே தள்ளிவிடும். அதில் நியாயமில்லை என்று சொல்லமாட்டேன். அந்தக் கடைசி வரியைப் பார். ஆனால் இங்கேயும் தள்ளியிருந்தால் அவன் இன்னும் உள்ளேதான் இருந்திருப்பான்.

நாளை அவனை வரச் சொல்லியிருக்கிறேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் அவன் வாயாலேயே கேட்கப்போகிறேன். மனுவின் நகல் இத்துடன் இருக்கிறது. அந்த 'ழ'வின் சுழியைப் பார். ஐந்தாம் வகுப்பில் யாரிடம் எழுதப் பழகினான் என்று உனக்கே தெரியும்.

உன்,
முத்து