மருந்து லேபிளில் 'ஸ்பூன்': மென்பொருள் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க மருந்தகங்களுக்கு லேபிள் மென்பொருள் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். சிரப் பாட்டிலில் ஒட்டும் ஸ்பானிஷ் லேபிளில் 'ஸ்பூன்' எப்படி வரவேண்டும் என்பதுதான் இந்த மடலின் விஷயம். குழந்தைக்குக் கொடுக்கும் மருந்து மூன்று மடங்காகிவிடும் ஆபத்து இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

ஸ்பானிஷில் இதற்கு மூன்று சொற்கள். கையில் பிடிக்கும் கரண்டி 'குச்சாரா'. டேபிள்ஸ்பூன் அளவு, அதாவது 15 மி.லி., 'குச்சராதா'. டீஸ்பூன் அளவான 5 மி.லி. 'குச்சராதீத்தா'. 'ஸ்பூன்' என்று மட்டும் தேடினால் அகராதி முதலில் காட்டுவது குச்சாரா. அதை அப்படியே போட்டால், சமையலறையில் கைக்கு அகப்பட்ட கரண்டியில் ஊற்றிவிடுவார்கள். குச்சராதா என்று போட்டாலோ, 5 போக வேண்டிய இடத்தில் 15 போகும்.

சரியான சொல்லைத் தேர்ந்தாலும், லேபிளில் அந்தச் சொல்லுக்கு விடும் கட்டத்தின் அகலம் கெடுத்துவிடும். ஆங்கிலத்தில் டீஸ்பூனுக்கு 8 எழுத்து. கட்டத்தையும் அதற்கேற்ப வைத்துவிடுகிறோம். ரோமன் எழுத்தில் குச்சராதாவுக்கு 9, குச்சராதீத்தாவுக்கு 11. இரண்டிலும் முதல் 8 எழுத்து ஒன்றேதான்! வால் வெட்டுப்பட்டால் எந்த அளவு என்று மருந்தாளுநராலும் சொல்ல முடியாது. குறைந்தது 12 எழுத்துக்கு இடம் விடுங்கள், பன்மையில் ஓர் எழுத்து கூடும். சுருக்கக் குறியீடும் வேண்டாம். இந்த இரண்டு அளவுகளுக்கும் வழக்கிலுள்ள குறியீடுகளுக்குள் ஒரே எழுத்துதான் வித்தியாசம்.

எண்ணையும் அலகையும் தனித்தனியாக வைத்து, மென்பொருள் ஓடும்போது ஒட்டிச் சேர்ப்பதையும் விட்டுவிடுங்கள். ஸ்பானிஷ் இலக்கணத்தில் இந்தச் சொற்கள் பெண்பால் என்பதால் 'அரை' என்பது 'மெதியா' ஆகும், 'மெதியோ' அல்ல. முழு வாக்கியத்தையும் ஒரே சரமாக, அதாவது துண்டாக்காத ஒரே உரையாக, மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். கூடவே, அது அளவா கருவியா, மருந்து பெரியவருக்கா குழந்தைக்கா என்ற குறிப்பும் போகட்டும். பெரியவருக்கு 'தோமே' (எடுத்துக்கொள்ளுங்கள்), குழந்தைக்கு 'தே' (கொடுங்கள்) என்று வினையே மாறும்.

'கப்' என்ற சொல்லும் இதே வகை. 'தாசா' என்று போட்டால் காபி கோப்பை. மூடியோடு வரும் அளவுக் கிண்ணத்துக்கு 'வசீத்தோ' வேண்டும்.

இப்படிப்பட்ட பிழைகள் உண்மையில் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு: நியூயார்க்கின் பிராங்க்ஸ் மருந்தகங்களில் கணினி தயாரித்த ஸ்பானிஷ் லேபிள்களைச் சோதித்த ஆய்வு 2010-இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்தது. பாதி லேபிள்களில் பிழை. ஆங்கிலத்தில் 'ஒருமுறை' என்று பொருள்படும் 'once' என்ற சொல்லை மொழிபெயர்க்காமல் விட்டால், அதே எழுத்துக்கள் ஸ்பானிஷில் 'பதினொன்று' ஆகிவிடும்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி, ஸ்பூனையே லேபிளிலிருந்து எடுத்துவிடுவது. வாய்வழி திரவ மருந்துகளுக்கு மில்லிலிட்டர் மட்டுமே போதும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2015-இலேயே பரிந்துரைத்தது. '5 மி.லி.' என்று அச்சிட்டு, கோடு போட்ட வாய்வழி சிரிஞ்சையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். லேபிளில் வெறும் 'ஹெரிங்கா' (சிரிஞ்ச்) என்றால் ஊசி என்று எண்ணக்கூடும். 'ஹெரிங்கா ஒரால்' என்றே எழுதுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளுக்காக ஸ்பூன் சரங்களை வைத்தே ஆக வேண்டுமென்றால், அடுத்த வெளியீட்டுக்கு முன் ஒவ்வொன்றையும் அச்சிட்டு, ஸ்பானிஷ் தாய்மொழியாகக் கொண்ட மருந்தாளுநர் ஒருவரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
மருந்து லேபிள் மொழிபெயர்ப்பாளர்கள்