காற்றை நிறுத்தாதே

குன்னூர்
ஞாயிறு

அன்புள்ள கண்ணு,

புது நம்பரிலிருந்து நீ போட்ட செய்தி கிடைத்தது. "பொரிய மாட்டேங்குது, ஏன்?" மூன்று மாதத்துக்கு மூன்று வார்த்தை. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஊட்டியில் எதற்கு அறை எடுத்தாய், பெங்களூர் நம்பர் ஏன் அணைந்தே கிடக்கிறது என்றெல்லாம் நான் கேட்கப்போவதில்லை. சித்தப்பா வந்து என்னென்னவோ சொல்லிவிட்டுப் போனார். அதை விடு.

மீன்குஞ்சுத் தீனிக்கு நீ ஊறப்போட்ட அந்தப் பொடி இறால் முட்டைமேல் பழி போடாதே. குளிர்தான் காரணம். அந்த ஆர்ட்டீமியாவுக்கு 26 முதல் 28 டிகிரி சூடு வேண்டும், அப்போதுதான் 24 மணி நேரத்தில் பொரியும். 20 டிகிரியில் வைத்தால் இரண்டு நாள் இழுக்கும், அதுவும் ஒன்றாகப் பொரியாது. முதலில் வந்த குஞ்சு வயிற்றுச் சத்தைத் தின்று தீர்த்திருக்கும், கடைசி முட்டை அப்போதுதான் வெடிக்கும். பனிக்காலத்தில் உன் அறையில் 20 எங்கே இருக்கப்போகிறது? ஜன்னல் சரியாகச் சாத்துகிறதா? பெட்டியில் பழைய கம்பளியும் வைத்திருக்கிறேன். அது உனக்கு, பாட்டிலுக்கு இல்லை.

பாட்டிலுக்கு ஒரு வாளியில் முக்கால் தண்ணீர் ஊற்றி, மீன்தொட்டி ஹீட்டரை அதில் போட்டு 28-இல் வை. இரண்டு லிட்டர் பாட்டிலின் அடியை அறுத்து, மூடியை இறுக்கி, தலைகீழாக அந்த வாளிக்குள் நிறுத்திக் கயிற்றால் விளிம்போடு கட்டு. ஹீட்டரை உப்புத் தண்ணீருக்குள் இறக்காதே. தெர்மாமீட்டர் பாட்டிலுக்குள் இருக்கட்டும். வாளிச் சூடு ஒன்று, பாட்டில் சூடு ஒன்று.

லிட்டருக்கு 25 கிராம் உப்பு. தூத்துக்குடிக் கல்லுப்பு அரைக் கிலோ அனுப்பியிருக்கிறேன். கரண்டிக் கணக்கு வேண்டாம், கல்லுப்பு கரண்டிக்குக் கரண்டி மாறும், நிறுத்துப் போடு. நம் மலைத் தண்ணீர் மென்மையானது, காரம் போதாது. முட்டை ஓட்டைக் கரைக்கும் நொதி, காரம் (pH) 8-க்கு மேல் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதனால் லிட்டருக்குக் கால் தேக்கரண்டி ஆப்ப சோடா. குழாய்த் தண்ணீராக இருந்தால் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு எடு.

முட்டை லிட்டருக்கு ஒரு கிராம். அதிலேயே இரண்டு மூன்று லட்சம் இருக்கும். எடுத்ததை எல்லாம் அள்ளிக் கொட்டுவது உன் பழக்கம், இதில் அது வேண்டாம். முதல் சில மணி நேரம் மேலே விளக்கு எரியட்டும், வெளிச்சம் பட்டால்தான் முட்டை விழிக்கும்.

முட்டை நல்லதுதானா என்று சந்தேகமா? ஊறப்போட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சொட்டு எடுத்து லென்ஸில் பார். காய்ந்த முட்டை காற்றிறங்கிய பந்துபோல ஒடுங்கியிருக்கும், ஊறினால் உருண்டுவிடும். மறுநாள் பார்க்கும்போது ஓட்டுக்கு வெளியே ஆரஞ்சுப் பொட்டு ஒன்று குடைபோலத் தொங்கினால் தூக்கிக் கொட்டிவிடாதே. அது சாகவில்லை, இன்னும் இறங்கவில்லை. சூட்டைப் பார்த்துவிட்டு இன்னும் ஆறு மணி நேரம் கொடு. நீ அவசரப்பட்டு நேற்றே கொட்டியிருப்பாய், தெரியும். ஆனாலும் இதையெல்லாம் நீயாக முயன்று பார்க்கிறாயே, அது எனக்குச் சந்தோஷம்தான்.

இனி காற்று. ஊட்டி 2240 மீட்டர். கடலோரத்தைவிட அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு குறைவு, தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அந்த அளவு குறையும். சூடும் உப்பும் சேர்ந்தால் இன்னும் குறையும். அதனால் காற்று மோட்டார்க் குழாயின் நுனி பாட்டிலின் அடிமட்டத்தைத் தொட வேண்டும், பெரிய குமிழாகக் கொதிக்க வேண்டும். நுனியில் பொடிக் குமிழ் விடும் காற்றுக்கல் மாட்டாதே, நுரை கட்டி முட்டையெல்லாம் பக்கச் சுவரில் ஒட்டிக் காய்ந்துவிடும். ஒட்டியதை அவ்வப்போது தண்ணீர் தெளித்து இறக்கிவிடு.

பொரிந்ததும் மோட்டாரை நிறுத்திப் பத்து நிமிடம் விடு. ஓடு மேலே மிதக்கும், குஞ்சு அடிக்குப் போகும். பாட்டிலின் மேல்பாதியில் காகிதம் சுற்றி அடியில் டார்ச் காட்டினால் வெளிச்சத்துக்குக் கூடிவரும். பத்து நிமிடம்தான். அத்தனை லட்சமும் ஒரே இடத்தில் நெருங்கினால் கால் மணி நேரத்திலேயே மூச்சு முட்டிச் சாக ஆரம்பிக்கும்.

நீ ஏழாவது படிக்கும்போது அந்தத் தங்கமீன் குஞ்செல்லாம் ஒரே ராத்திரியில் செத்ததே. தீனி அதிகம் போட்டுவிட்டாய் என்று அப்பா பெல்ட்டை எடுத்தார். கண்ணு, தீனியால் இல்லை. இஸ்திரி போட நான்தான் மோட்டார் பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பச் செருக மறந்து படுத்துவிட்டேன். விடிந்ததும் பார்த்து, நீ எழுமுன் செருகி வைத்தேன். நீ அடி வாங்கும்போது அடுப்படியில் நின்றேன். அப்பா போகும்வரை அவரிடமும் சொல்லவில்லை. அதற்கப்புறம் தொட்டியில் எது செத்தாலும் "நான்தாம்மா ஏதோ பண்ணிட்டேன்" என்பாய். நானும் சும்மா கேட்டுக்கொண்டிருப்பேன்.

கரண்ட் போனால் தேவைப்படும் என்று பேட்டரி மோட்டார் ஒன்றும் வைத்திருக்கிறேன்.

குழாயால் அடியிலிருந்து உறிஞ்சி எடு. முதலில் வரும் நாலைந்து சொட்டில் பொரியாத முட்டை இருக்கும், அதைக் கீழே விடு. ஓடும் முட்டையும் குஞ்சுமீன் வயிற்றில் அடைத்துக்கொள்ளும். பழைய வேட்டித் துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் போடு. கப்பிக் குஞ்சு முதல் நாளே தின்னும். ஃபைட்டர் குஞ்சுக்கு நீந்த ஆரம்பித்து இரண்டு மூன்று நாள் போகட்டும். வயிறு ஆரஞ்சாகத் தெரிந்தால் போதும், நிறுத்திவிடு. நல்ல தண்ணீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரம்தான் தாங்கும், மிச்சம் செத்துத் தொட்டியைக் கெடுக்கும். பொரித்ததை மறுநாளைக்கு என்று வைத்திருக்காதே, சத்து இறங்கிவிடும்.

முட்டையைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் இறுக்கி வைத்திருக்கிறேன். ஈரம் படக்கூடாது, அடுப்புப் பக்கம் வைக்காதே. சூட்டைப் பார், மறக்காதே. நீயும் கம்பளியைப் போர்த்திக்கொள். டப்பா பாட்டியுடையது, திருப்பி அனுப்பு. பஸ்ஸில் கொடுத்துவிடத் தோதில்லை என்றால் சொல், அடுத்த ஞாயிறு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அம்மா