பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது

பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். இவ்வளவு நீளமாக வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ சிரிப்பாய், தெரியும். போனில் நான் 'சாப்பிட்டியா' என்று கேட்டு முடிப்பதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், என் முறை அதோடு சரி, அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று ஞாயிறாக நீ வீடியோ போடவில்லை. நெட் சரியில்லை என்றாய். சரி, இருக்கும்.

காலண்டருக்குப் பக்கத்தில் உன் ஜெர்மனி நேரத்துக்கு ஒரு கடிகாரம் மாட்டினேன் அல்லவா, போன மாதக் கடைசி ஞாயிற்றிலிருந்து அது தப்பாக ஓடிக்கொண்டிருந்தது. டியூட்டி முடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் போன் வரவில்லையே என்று நான்கு நாள் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். கறிக்கடை பாய் மகன்தான் சொன்னான், குளிர்காலத்துக்கு அங்கே மணியைப் பின்னுக்குத் தள்ளுவார்களாம், மூன்றரை மணி வித்தியாசம் நாலரை ஆகிவிட்டதாம். ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருப்பினேன். முன்பெல்லாம் இந்த மாதிரிச் சின்ன விஷயத்தை முதலில் நீதான் சொல்வாய். போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் இருபத்தைந்து சென்ட் தருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கடையே திறக்காது என்று வந்த புதிதில் எவ்வளவு சொன்னாய்.

நர்ஸ் தேர்வு பற்றி நான் கேட்கவில்லை. நீயாகச் சொல்லும்போது சொல். வார்டில் நோயாளியை வைத்துச் செய்து காட்ட வேண்டும், அப்புறம் வாயால் பதில் சொல்ல வேண்டும், தவறினால் இன்னொரு தடவை உண்டு என்று நீயே சொன்னதுதான், எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு. நைட் முடிந்து வந்து பிரெட்டைக் கடித்துவிட்டுப் படுக்காதே. நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது என்றாய், அப்படியானால் லீவு நாளில் பகலில் கொஞ்சம் வெளியே நட, போர்வைக்குள்ளேயே கிடக்காதே. உடம்புக்கு முடியவில்லை என்றால் டாக்டரிடம் எழுதி வாங்கி லீவு போடு, ஆறு வாரம் வரை சம்பளம் பிடிக்க மாட்டார்கள் என்று சொன்னதும் நீதானே. கடனை நினைக்காதே. அம்மா சங்கிலியை போன மாதமே மீட்டாச்சு. மறுபடியும் சொல்கிறேன், கடனை நினைக்காதே.

'பிஎஸ்சி நர்சிங் படிச்சது தாத்தா பாட்டிகளைக் குளிப்பாட்டவாப்பா' என்று ஒருநாள் கேட்டாய். சிரித்துக்கொண்டே கேட்டாலும் எனக்குச் சுருக்கென்றது. இங்கே அதை ஆயாவும் கூட இருக்கும் சொந்தக்காரர்களும் செய்துவிடுவார்கள், அங்கே அதுவும் நர்ஸ் வேலை. ஆனால் அப்பாயி கடைசி எட்டு மாதம் யார் தொட்டாலும் கத்துமே, உன் கைக்கு மட்டும்தானே அடங்கிக் கிடந்தது? பெற்ற பிள்ளை நான், வாளியைத் தூக்கிக்கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அந்தக் கை இருக்கிற உன்னை ஸ்டுட்கார்ட்டில் ஒருவரும் குறை சொல்ல முடியாது.

பேச்சுதான் கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். திருச்சியில் பி2 வரை நீ படித்த ஜெர்மன் வேறு, அந்தப் பாட்டிகள் பேசும் ஷ்வேபிஷ் வட்டாரப் பேச்சு வேறு. புத்தகத் தமிழ் படித்த வெள்ளைக்காரனை நாகர்கோவில் சந்தையில் விட்ட கதைதான். புரியவில்லை என்றால் தலையாட்டாதே. ஷிஃப்ட் மாறும்போது சொல்வதை, ஊபர்காபேயோ என்னவோ சொன்னாயே, அதை இரண்டு தடவை கேள், மூன்று தடவை கேள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். தலையாட்டாதே பாப்பா.

நான் தலையாட்டியவன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கிறேன் போல.

குவைத்தில் ஃபோர்மேன் அரபியும் இந்தியும் கலந்து என்னமோ சொன்னார். கேஸ் இல்லை, மிஷினை ஓட விடாதே என்றிருக்கிறார். ஓட விடு என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினேன். ராத்திரி முழுக்க ஓடி கம்ப்ரசர் எரிந்துபோனது. பெரிதாக ஒன்றும் திட்டவில்லை, ஆனால் அதற்கப்புறம் நான் ரூமில் யாரோடும் பேசவில்லை, தனியாகத் தின்றேன், ஊருக்கு மட்டும் 'நலம், வேலை நன்றாகப் போகிறது' என்று கடிதம் போட்டேன். 1990 ஜூனிலேயே, என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிக் கிளம்பி பம்பாயில் வந்து இறங்கிவிட்டேன். ஈராக் குவைத்துக்குள் நுழைந்து சண்டை ஆரம்பித்தது ஆகஸ்ட் 2. யாரும் என்னைத் துரத்தவில்லை, குண்டும் போடவில்லை.

ஊருக்கு வர முகமில்லை. தாராவியில் ஒருவர் ரூமில் ஒட்டிக்கொண்டு கிடந்தேன். ஜோர்டானில் இருக்கும் அம்மான் நகரத்திலிருந்து ஏர் இந்தியா விமானம் விமானமாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியதே, ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல், அதில் என் குவைத் ரூம்காரன், அந்த அதிராம்பட்டினத்துக்காரன், ஒரே ஒரு கைப்பையோடு வந்தான். பாக்தாத் வழியாக லாரியில் வந்ததையும் பாலைவனத்தில் தண்ணீருக்கு வரிசை நின்றதையும் ரயிலில் ஊர் வரும்வரை சொன்னான். வீட்டுக்கு வந்து அதையெல்லாம் நான் பட்டதாகச் சொன்னேன். அம்மாச்சி வீட்டில் பெண் பார்க்கப் போனபோதும் அதே கதைதான். உனக்கும் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், நீ கண் கலங்கிக்கூட இருக்கிறாய். அவன் சாகும்வரை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

திரும்பி வந்தது தப்பில்லை பாப்பா. பம்பாயில் இருந்துகொண்டு குவைத்தில் இருப்பது மாதிரி வீட்டுக்குக் கடிதம் எழுதினேனே, அதுதான்.

அம்மாவுக்கு இது தெரியாது. நீ வாய்விட்டுவிடாதே, நானே சொல்கிறேன், பொங்கல் கழியட்டும்.

பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் பார்சலில் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோ போடு. முகத்தைக் காட்ட வேண்டாம், ஜன்னலைக் காட்டினாலும் போதும், அங்கே மரத்தில் இலை இருக்கிறதா பார்க்கிறேன்.

அப்பா