லிங்க் அனுப்பினால் கேட்கவும் வேண்டும், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். இதைப் பாதியில் கட் பண்ண முடியாது பார்.

நான் அனுப்பும் பாட்டு எதையும் நீ கேட்பதில்லை என்று எனக்குத் தெரியும். பாட்டு நாலு நிமிஷம் ஓடும். உன்னுடைய "சூப்பர்மா" அதற்குள் வந்து விழுந்துவிடுகிறது. வார்டில் வேலை, நைட் ஷிப்ட், தூக்கம் போதவில்லை, எல்லாம் சரி. ஆனால் போன வாரம் ஒன்று சொன்னாயே, "சினிமாப் பாட்டு கேட்கவே நேரமில்லை, இந்த இண்டி கிண்டியெல்லாம் யாரும்மா கேக்கறாங்க" என்று. அதற்குத்தான் இந்தப் பதில்.

யார் கேட்கிறார்களா? உன் ஆயா கேட்டாள், நான் கேட்கிறேன். இண்டி என்றால் சினிமாவில் சேராத பாட்டுதானே? நம் தெருவில் அப்படிப்பட்ட பாட்டு எப்போது இல்லாமல் இருந்தது? ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது ஸ்பீக்கரில் எல்.ஆர். ஈஸ்வரி பாடும் அம்மன் பாட்டெல்லாம் எந்தப் படத்தில் வந்தது? நாகூர் ஹனீபாவின் "இறைவனிடம் கையேந்துங்கள்" பாட்டுக்கு எந்த ஹீரோ வாயசைத்தான்? பள்ளிவாசல் தெருவில் கேட்டதை நம் வீட்டிலும் மனப்பாடமாகப் பாடினோம். அப்போது அதற்கெல்லாம் இண்டி என்று பேர் கிடையாது, அவ்வளவுதான்.

அப்புறம் நம்ம வடசென்னைத் தெருப்பாட்டு, கானா. ஆயா செத்த ராத்திரி உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, நீ அத்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். ராத்திரி கானா பாட வந்தவர் முதலில் பாடவே இல்லை. நைனாவைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஆயா எந்த ஊர், என்ன தொழில், பிள்ளைகள் பேர் என்ன, யாரோடு சண்டை, எது பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காசிமேட்டில் மீன் கூடை தூக்கியது, கடன் சொன்னவனை வீட்டு வாசலில் நின்று திட்டி வாங்கியது, வெற்றிலை, எல்லாம் சொன்னார் நைனா. டோலக் தட்ட ஆரம்பித்ததும் அத்தனையும் பாட்டாக வந்துவிட்டது. கடன்காரனைத் திட்டிய இடம் வந்தபோது அழுதுகொண்டிருந்தவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். அந்தக் கடன்காரரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்! விடிகிற வரைக்கும் பாடினார். அந்தப் பாட்டை யாரும் ரெக்கார்ட் பண்ணவில்லை. ஆயாவைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது, அதைக் கேட்டது அந்தத் தெரு மட்டும்தான்.

சினிமாவுக்குப் போன கானாவில் எனக்குப் பாதிக்கு மேல் பிடிப்பதில்லை. சரக்கு, பொண்ணு, மறுபடியும் சரக்கு. பாடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு நாலு காசு வந்தால் சந்தோஷம்தான். ஆனால் கேட்பவனுக்கு வடசென்னை என்றால் இவ்வளவுதான் என்று ஆகிவிடுகிறது.

அதனால்தான் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்கிற இசைக்குழு வந்தபோது எனக்கு அவ்வளவு குஷி. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. சினிமா டைரக்டர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த குழு, மொத்தம் 19 பேர். கானா பாடுகிறவர்கள் கோட்டு சூட்டு போட்டு நின்றார்கள். டோலக்குக்குப் பக்கத்திலேயே எலெக்ட்ரிக் கிட்டார், நடுவில் ராப். பாட்டில் இட ஒதுக்கீடு வந்தது, சாதி வந்தது. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன சாதியற்ற தமிழர் என்பதிலிருந்துதான் குழுவுக்கே பேர் எடுத்தார்களாம். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு பெண், இசைவாணி. கானா என்றாலே ஆம்பளைகள் பாடுவது என்றிருந்த இடத்தில் அவள் வந்து தொண்டையைத் திறந்ததும் நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டேன். 2020-இல் பிபிசி உலகம் முழுக்கத் தேடி எடுத்த 100 பெண்களில் அவளும் ஒருத்தி. நான் பாடியிருக்கலாமே என்று எனக்கு ஒரு பொறாமைகூட வந்தது. (நைனாவிடம் சொல்லாதே, பாடிக் காட்டச் சொல்லுவார்.)

இன்னொன்றும் நீ கேட்டே ஆக வேண்டும், சென்னை புறம்போக்குப் பாடல். 2017-இல் வந்தது. கர்நாடக சங்கீதம் பாடும் டி.எம். கிருஷ்ணா ஆனந்தபைரவியில் ஆரம்பித்து ராகமாலிகையாகப் பாடுகிறார். பாஷை மட்டும் நம்ம பாஷை. எழுதியது கபேர் வாசுகி. படம் எடுத்தது எண்ணூர்க் கழிமுகத்தில். அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டிக் கிடக்கும் இடத்தில் நின்று சபாப் பாட்டுக்காரர் ஒருத்தர் "புறம்போக்கு உனக்கு இல்ல, புறம்போக்கு எனக்கு இல்ல" என்று இழுக்கும்போது எனக்கு என்னவோ செய்தது. இந்தப் பக்கம் அதை வசவாகத்தானே வைத்திருக்கிறோம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். ஜாக்கெட் தைக்க வரும் காலேஜ் பெண்கள் பாதி. மீதி அந்தப் பின்தெருப் பையன், பேன்ட் சுருக்க வருவானே அவன். ராப் எழுதுகிறான். போர்வையை மேலே போட்டுக்கொண்டு அதற்குள் உட்கார்ந்து போனில் ரெக்கார்ட் பண்ணுகிறான். ஃபேனை நிறுத்தினால் வேர்த்து ஊற்றுகிறது, போட்டால் சத்தம் விழுகிறது. அவன் பாட்டில் கொருக்குப்பேட்டை கேட்டில் ரயிலுக்கு நிற்பது பற்றி வருகிற முதல் பகுதி அருமை. இரண்டாவது பகுதியில் வேறு யாரையோ மாதிரி பேச முயற்சி பண்ணுகிறான். அதை அவனிடமே சொல்லிவிட்டேன். முறைத்தான், ஆனால் அடுத்த வாரமும் பேன்ட்டோடு வந்தான்.

அவன் சொல்லித்தான் காசு விஷயம் தெரிந்தது. பாட்டு கேட்கும் ஸ்பாட்டிஃபை ஆப்பில் 2024-இலிருந்து, ஒரு பாட்டை 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்டிருந்தால்தான் அதற்குக் காசே சேரும். 999 என்றால் ஒன்றும் இல்லை. நான் கடையிலேயே நாள் முழுக்க ஓட்டி 1,000 ஆக்கிவிடுகிறேன் என்றேன். ஒரே போனில் திரும்பத் திரும்ப ஓட்டினால் ஏமாற்று என்று பிடித்துவிடுவார்கள் ஆன்ட்டி, விட்டுடுங்க என்று கையெடுத்துக் கும்பிட்டான். சரி, கோடிக்கணக்கில் கேட்டால் மட்டும் கொட்டுகிறதா? 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டு 2021-இல் வந்து உலகமே ஆடியது. ராப் பாடும் அறிவு அதில் தன் பாட்டி வள்ளியம்மாளைக் கொண்டுவந்திருந்தார். மூன்று வருஷம் கழித்து, அதிலிருந்து ஒரு வருமானமும் வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே வீடியோ போட்டுச் சொன்னார். பெரிய ஆளுக்கே அப்படி என்றால் போர்வைக்குள் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு?

அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். நம் குடும்ப குரூப்பில் பாட்டு போடவே மாட்டேன். அங்கே பூப்படத்தோடு குட் மார்னிங் வந்து அதை மூடிவிடும். ஒரு பாட்டை ஒரு ஆளுக்கு, அதுவும் அவருக்கு ஏன் அது என்று ஒரு வரி எழுதித்தான் அனுப்புவேன். மீன் விற்கும் அக்காவுக்குப் புறம்போக்குப் பாடல் போனது. அவள் அதைத் தன் மச்சானுக்கு அனுப்பினாள். இப்படித்தான் கேசட் காலத்திலும் கானா வீடு வீடாகப் போனது.

இப்போது உன் ஊருக்கு வருகிறேன். நீ இருக்கும் இடத்தில் யார் பாடுகிறார்கள் என்று தேடினேன். லீட்ஸில் இங்கிலீஷ் டீச்சர் என்று ஒரு இசைக்குழு இருக்கிறது, தெரியுமா உனக்கு? பேரைப் பார்த்து ட்யூஷன் சென்டர் என்று நினைத்துவிடாதே. 2024-இல் அவர்களுடைய முதல் ஆல்பத்துக்கே, பிரிட்டனில் வருஷத்தின் சிறந்த ஆல்பத்துக்குக் கொடுக்கும் மெர்க்குரி பரிசு கிடைத்திருக்கிறது. லில்லி ஃபோன்டைன் என்கிற பெண்தான் பாடுகிறாள். பாதி பேச்சு, பாதி பாட்டு. ஒரு பாட்டில் தான் வளர்ந்த கால்ன் என்கிற சின்ன ஊரை இழுத்துப் போட்டுப் பேசுகிறாள். காலேஜ் பெண்ணிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டேன். அர்த்தம் தெரிவதற்கு முன்னாடியே இவள் நம்ம ஜாதிப் பாட்டுக்காரி என்று தெரிந்துவிட்டது, கானா ஜாதி.

ப்ரூடனெல் சோஷியல் கிளப் என்று ஒன்று உன் ஊரில் இருக்கிறது. 1913-இல் தொழிலாளிகளுக்காக ஆரம்பித்த கிளப். இப்போது புதுசாக வரும் குழுக்களெல்லாம் அங்கே வாசிக்கிறார்கள். மேப்பில் பார்த்தேன், உன் ரூமிலிருந்து நடந்தே போகலாம். இத்தனை நாள் அதைத் தாண்டித்தான் பஸ்ஸில் போய் வந்திருக்கிறாய்! லீவு நாளில் ஒருநாள் போ. பேர் தெரியாத குழு எது வாசிக்கிறதோ அதற்கே போ. துணைக்கு அந்தக் கேரளாப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போ. பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து வா, ஆனால் என்ன பிடிக்கவில்லை என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒரு வேலை. பேண்ட்கேம்ப் என்று ஒரு தளம் இருக்கிறது. அங்கே பாட்டைக் காசு கொடுத்து வாங்கினால் அவர்கள் 15 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியைப் பாடுகிறவருக்கே கொடுக்கிறார்கள், கார்டுக்காரன் பிடிப்பது தனி. சில வெள்ளிக்கிழமைகளில் அந்த 15-ஐயும் விட்டுவிடுகிறார்கள். 2020-இல் கொரோனாவில் கச்சேரியெல்லாம் நின்றபோது ஆரம்பித்தது அது. பையனை அதில் பாட்டைப் போடச் சொல்லியிருக்கிறேன், போட்டுவிட்டான். என் கார்டை அது எடுக்கவில்லை. உன் கார்டில் வாங்கு, காசை நைனா அக்கவுன்ட்டிலிருந்து அனுப்புகிறேன். எதற்கு என்று அவர் கேட்டால் ஸ்வெட்டர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பொங்கலுக்குக் கேட்ட ஜாக்கெட் வெட்டி வைத்திருக்கிறேன், கை நீளம் மட்டும் சொல்லு. அப்புறம், லீட்ஸில் என் பொண்ணு உன் பாட்டைக் கேட்டுவிட்டாள், இரண்டாவது பகுதிதான் சரியில்லை என்கிறாள் என்று அந்தப் பையனிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அவன் உனக்கு மெசேஜ் பண்ணிக் கேட்பதற்குள் கேட்டுவிடு.

அன்புடன்,
அம்மா
பழைய வண்ணாரப்பேட்டை